கிளார்க்கின் சிறுகதைகள், முழுத்தொகுப்பு: வாங்கலாமா?

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் சிறுகதைகளை ஏறக்குறைய முழுதாகச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், ஆங்கிலத்தில், ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2000ஆம் ஆண்டு லண்டனில் கொலன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்பதால் பலர் கேட்டுவிட்டார்கள், இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்கலாமா, பிள்ளைக்கு உதவுமா என்று. வாங்கலாம். உதவும். ஆனால் பிள்ளைக்கு என்று வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் வாசிக்காமல் விடாதீர்கள். இதில் இருக்கிற மிக நல்ல கதைகள், வீடு வாசலை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி மற்றவர்களுக்கு விளங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

முதலில் புத்தகத்தின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுத்து சின்னன், தாள் மெல்லிசு, நாற்பது தாண்டியவர்களுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். நான் கொழும்பில் ஒரு கடையிலிருந்து எடுப்பித்தேன். அவர்கள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அனுப்பியதில் மூலை நசுங்கி, முதுகு வெடித்து வந்து சேர்ந்தது, மாற்றித் தரச் சொல்லி எழுதியதற்குப் பதிலே இல்லை. ஆகவே கடையில் நேரே பார்த்து வாங்க முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள். இந்தத் தடிப்பில் ஒரு மென்னட்டைப் புத்தகம் நம்முடைய வெக்கைக்குத் தாக்குப்பிடிக்காது, பசை இளகிப் பக்கம் கழரத் தொடங்கும். வாங்கின அன்றே முதுகுக்குத் துணிப் பட்டி ஒட்டிவிடுவது நல்லது. இரும்பு அலுமாரியில் வையுங்கள், கறையானுக்கு கிளார்க்கும் ஒன்றுதான் பழைய பத்திரிகையும் ஒன்றுதான்.

கிளார்க்கை இங்கே பலருக்குப் பெயராக மட்டும் தெரியும். 1917இல் இங்கிலாந்தில் சமர்செற் பக்கம் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் ராடர் வேலை பார்த்தவர். 1945 ஒக்ரோபரில் ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார்: பூமத்திய ரேகைக்கு நேர் மேலே கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அசையாமல் ஓர் இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று. அப்படி ஒரு செய்மதி உண்மையில் மேலே போய் நின்றது 1964இல். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வரும்போது இரண்டு பக்கமும் வீடுகளைப் பாருங்கள், கூரைக்குக் கூரை டிஷ், எல்லாம் நன்றாக மல்லாந்து வானம் பார்த்தபடி. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால்தான் அந்தச் சாய்வு. வடக்கே ஐரோப்பாவில் அதே டிஷ் நிமிர்ந்து நிற்கும். இதை வகுப்பில் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது, கிளார்க்கைச் சொல்லித் தொடங்கினால் ஒரு பாடவேளை போதும், ஈர்ப்பு விசையும் வட்ட இயக்கமும் சேர்ந்து விளங்கிவிடும்.

1956இல் இலங்கைக்கு வந்தார், கடலுக்குள் மூழ்கிப் பார்க்கிற ஆசையில். அந்த வருசமே நண்பர் மைக் வில்சனோடு சேர்ந்து திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் கிடந்த கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர். பிறகு 2008 மார்ச்சில் கொழும்பில் சாகும்வரை இங்கேதான் இருந்தார்.

சரி, கதைகள்.

வெளிவந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், 1937இல் எழுதத் தொடங்கிய பெடியனிலிருந்து 1999இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு குட்டிக் கதை எழுதிய கிழவர் வரைக்கும், நூறுக்கு மேல் கதைகள். இந்த வரிசையில் வாசிக்க வேண்டாம். ஆரம்பக் கதைகள் ஒரு கெட்டிக்கார மாணவன் எழுதியது மாதிரித்தான் இருக்கும், அங்கேயே சலித்துப் புத்தகத்தை மூடிவைத்த ஆட்களை எனக்குத் தெரியும். 1946இலிருந்து 1955 வரைக்குமான பத்து வருசத்தில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது, அதற்குப் பிறகும் அங்கங்கே.

அந்தப் பத்து வருசத்துக்குள் 1951இல் வந்த ஒரு சின்னக் கதை, நாலைந்து பக்கம்தான். ‘பூமியே, உன்னை நான் மறந்தால்’ என்று தமிழில் சொல்லலாம், பைபிளில் 137ஆம் சங்கீதத்தில் பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட சனங்கள் எருசலேமை நினைத்துப் பாடுகிற அந்த வரியிலிருந்து எடுத்த தலைப்பு. மார்வின் என்று ஒரு பெடியன், பத்து வயது. நிலவில் குடியிருக்கிற ஒரு சின்னக் கூட்டத்தில் பிறந்தவன், மூடின மண்டபங்களுக்கு வெளியே போனதே இல்லை. ஒரு நாள் தகப்பன் அவனை வண்டியில் ஏற்றி மலைகளுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே வானத்தில் ஒரு பெரிய பிறை. பூமி. மேகமும் கடலும் பனியும் தெரிகிறது, அவ்வளவு அழகு, இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு ஏன் நாங்கள் இந்தக் கல்லில் கிடக்கிறோம் என்று பெடியனுக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பிறையின் இருட்டுப் பக்கத்தைப் பார்க்கிறான், அங்கே இரவில் இருக்கவேண்டிய நிலம் தன்பாட்டில் மங்கலாக மினுங்குகிறது. அணுகுண்டுகள் விட்டுப்போன நஞ்சு அது, ஆற இன்னும் எத்தனையோ நூற்றாண்டு எடுக்கும். தகப்பன் அப்போதுதான் கதையைச் சொல்கிறார். மார்வின் அங்கே ஒரு நாளும் கால் வைக்கப் போவதில்லை. ஆனால் திரும்பிப் போவோம் என்கிற நினைப்பை விட்டுவிட்டால் அந்தச் சனமே இல்லாமல் போய்விடும், அதற்காகத்தான் இந்தப் பயணம். ஒரு நாள் அவனும் தன் பிள்ளையை இதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

இதை நான் வகுப்பில் தமிழில் சொன்னேன். இப்போது உயர்தரம் படிக்கிறவர்கள் போர் முடிந்த 2009இல் கைக்குழந்தைகள், பலர் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தவழ்ந்தவர்கள், அவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள், அந்தப் பெடியன் தன் பாட்டுக்கு இருந்தான்தானே சேர், தகப்பன் ஏன் கொண்டுபோய்க் காட்டினவர், காட்டாமல் விட்டிருந்தால் அவன் சந்தோசமாக இருந்திருப்பான் என்று. இன்னொருவன் விடவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் சேர், நான் கேட்டால் அம்மா எழும்பிப் போய்விடுவா, அதற்கு அந்தத் தகப்பன் எவ்வளவோ மேல் என்றான். அந்தப் பாடவேளை முழுக்க அப்படியே போனது, நான் இடையில் கதைக்கவில்லை. எழுபது வருசத்துக்கு மேல் பழைய கதை, எழுதின ஆள் இங்கிலாந்துக்காரர், அணுகுண்டுப் பயத்தில் எழுதினது, ஆனால் பத்து வயதில் சொல்வதா, சொல்லாமலே விடுவதா என்கிற கேள்வி நம்முடைய வீடுகளில் இப்போதும் பதில் இல்லாமல் கிடக்கிறது. கிளார்க் தன் பதிலைச் சொல்லிவிட்டார்: சொல்லவேண்டும், கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், வயது பார்த்து, பக்கத்தில் இருந்து. நானும் அந்தக் கட்சிதான்.

இந்தப் பாதிப்பு ஆறுவதற்குள் அடுத்ததைத் தொடவேண்டாம். அடுத்தது ‘நட்சத்திரம்’, 1955இல் வந்தது, அடுத்த வருசம் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது எடுத்தது. கதை சொல்கிறவர் ஒரு இயேசுசபைக் குருவானவர், வான்பௌதிக விஞ்ஞானியும்கூட. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை ஆராய்ந்துவிட்டுக் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு நாகரிகம் இருந்திருக்கிறது. தாங்கள் அழியப் போகிறோம் என்று அந்தச் சனத்துக்கு முன்கூட்டியே தெரியும், தப்பிப் போகிற அளவுக்கு அவர்களிடம் வசதி இல்லை, ஆகவே தாங்கள் இருந்ததற்கு அடையாளமாக எல்லாவற்றையும், படங்களையும் குரல்களையும் எழுத்துகளையும், வெடிப்பில் அழியாமல் மிஞ்சிய கடைசிக் கோளில் ஒரு நிலவறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றை அந்தக் குருவால் மறக்க முடியவில்லை: நீல மணல் கடற்கரை ஒன்றில் பிள்ளைகள் அலையோடு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

முல்லைத்தீவுக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

குருவின் கேள்வி கடவுளோடு. இவர்களை ஏன், இப்படி ஏன். கடைசி வரியில் ஒரு விசயம் வெளிவரும், அதை நான் சொல்லமாட்டேன், ஆனால் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரி நெஞ்சில் ஏறி மிதிக்கும். மடு மாதா கோயிலுக்கு ஒவ்வொரு ஆவணியும் போகிற எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் தந்தார், நல்லது என்றும் சொல்லவில்லை கெட்டது என்றும் சொல்லவில்லை, இன்னொரு தரம் வாசிக்கத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார். கிளார்க் மத நம்பிக்கை இல்லாதவர், தன் சாவுக்கு எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்தவர். அப்படிப்பட்டவர் ஒரு விசுவாசியின் வேதனையை ஓர் இடத்திலும் கேலி பண்ணாமல் எழுதியிருக்கிறார், அதற்காகவே இந்தக் கதைக்குப் பெரிய மரியாதை கொடுக்கிறேன்.

பிறகு நாய்க் கதை. 1962. நிலவில் ஓர் ஆய்வு நிலையத்தில் படுத்திருக்கிற ஒருவர் நாய் குரைக்கிற சத்தத்தில் திடுக்கிட்டு எழும்புகிறார், நிலவில் ஏது நாய். பூமியில் அவர் தெருவோரத்தில் கண்டெடுத்து வளர்த்த நாய் அது, ஒரு தரம் பூமி அதிர்ச்சிக்கு முன்னால் குரைத்து அவரைக் காப்பாற்றியது. நிலவில் வேலை கிடைத்தபோது கூட்டிக்கொண்டு போக வழியில்லை, விட்டுவிட்டுப் போனார், ஒரு மாதத்துக்குள் செத்துவிட்டது. இதற்கு மேல் சொன்னால் கதை கெடும். ட்ரக்டர் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டபோது பின்னால் ஓடிவந்த நாயைப் பற்றி ஒருவர் கதைக்கத் தொடங்கினால் அங்கே இருக்கிற எல்லாரிடமும் ஒரு நாய் இருக்கும். மனிதர்களை இழந்த இடத்தில் நாயைப் பற்றி எப்படிக் கதைக்கிறது என்று அடக்கிக்கொண்டவர்கள் நாங்கள். கிளார்க் அதை அடக்கவில்லை. நாயைப் பற்றிய துக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டுகிற இந்தக் கதை புத்தகத்தில் மிகவும் அடங்கிய குரலில் எழுதப்பட்டது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மனசு கனத்துப் போனால் ‘வால்வெள்ளிக்குள்ளே’ கதைக்கு வாருங்கள். 1960. ஒரு வால்வெள்ளிக்கு உள்ளே போன கப்பலில் கணினி பழுதாகிவிடுகிறது, திரும்பி வருகிற பாதையைக் கணக்குப் போட வழி இல்லை, பூமிக்குச் செய்தியும் போகாது. கப்பலில் வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், பாதி ஜப்பானியர், வங்கியில் வேலை பார்த்த தன் சொந்தக்காரக் கிழவர் ஒருவர் மணிச்சட்டத்தில் கணக்குப் போட்ட வேகத்தை நினைத்துப் பார்க்கிறார். கம்பியையும் மணியையும் கொண்டு ஆளுக்கு ஒரு சட்டம் செய்து, எல்லாரையும் வரிசையில் இருத்தி, கூட்டல் கழித்தல் பழக்கி, ஒருவர் முடித்த கணக்கை அடுத்தவர் வாங்கி, அப்படியே பாதையைக் கண்டுபிடிக்கிறார்கள். தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். பற்றரிக்குத் தடை வந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டது, சொட்டுப் பெற்றோல் காட்டி மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினது, ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் படித்துப் பொறியியலுக்குப் போனது, எல்லாம் இங்கேதான் நடந்தது. அந்தக் கப்பல் ஆட்கள் செய்ததை எங்கள் தகப்பன்மார் வருசக்கணக்காகச் செய்தார்கள். பெரிய தொழில்நுட்பத்தின் ஆள் என்று பெயர் எடுத்த கிளார்க்குக்குத் தொழில்நுட்பம் கைவிட்ட நேரத்தில் மனிதன் என்ன செய்வான் என்பதிலும் அதே அளவு அக்கறை. உலகத்தில் எங்காவது இந்த மனிதரைப் பற்றி எழுதினால் செய்மதி, கணினி, ரொக்கெட் என்றுதான் எழுதுகிறார்கள், இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், அது எனக்குக் கவலை.

பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு: ‘ஒளிச்சுப் பிடிச்சு’ என்று ஒரு கதை, செவ்வாயின் குட்டிச் சந்திரன் போபோசில் விண்வெளி உடுப்போடு ஒரே ஒரு ஆள், அவனைத் தேடி ஒரு பெரிய போர்க்கப்பல். வேகமான கப்பலால் ஏன் அந்த மெதுவான மனிதனைப் பிடிக்க முடியவில்லை என்பது முழுக்க முழுக்கச் சடத்துவமும் திருப்புதிறனும். ‘சூரியனிலிருந்து காற்று’ 1964இல் வந்தது, சூரிய ஒளியின் அழுத்தத்தில் பாய் விரித்து ஓடுகிற விண்கலங்களின் போட்டி. ஜப்பான் 2010இல் அப்படி ஒரு பாய்க்கலத்தை உண்மையாகவே விட்டது. ‘மெடூசாவோடு ஒரு சந்திப்பு’ வியாழனின் மேகங்களுக்குள் பலூனில் போகிற நீளக் கதை, நெபுலா விருது எடுத்தது, புத்தகத்தின் பின்பகுதியில் நிமிர்ந்து நிற்கிற கதை. உலகத்தின் எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்கிற கதை ஒன்றும் உண்டு, அதை இரவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். ‘வெள்ளைக் கலைமான்’ மதுச்சாலைக் கதைகள் என்று ஒரு வரிசை இடையிடையே வரும், லண்டன் பார் ஒன்றில் ஹரி பேர்விஸ் என்று ஒருவர் அளக்கிற விஞ்ஞானப் புளுகுகள். ஒன்றிரண்டு நன்றாக இருக்கும், பிறகு அலுப்பு, தாராளமாகத் தாண்டலாம். பெண்கள் இந்தப் புத்தகத்தில் இல்லையென்றே சொல்லலாம், வந்தாலும் தொலைபேசியின் மறுமுனையில் அழுகிற மனைவியாக வருவார்கள், என்னிடம் படிக்கிற பெண்பிள்ளைகள் இதைத்தான் முதலில் கவனித்தார்கள், அவர்கள் கோபம் நியாயம். மனிதர்களின் முகமும் பெரும்பாலும் நினைவில் நிற்காது, நிகழ்ச்சிதான் நிற்கும்.

அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று. ஐம்பது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தவர். கொழும்பில் தொடங்குகிற கதை ஒன்று இருக்கிறது, ஆகாயத்திலிருந்து தொலைக்காட்சியை இறக்கி ஒரு சனத்தையே கெடுக்கிற திட்டம் பற்றி, நல்ல கதை. ஆனால் இலங்கை மனிதர்கள் இந்த ஆயிரம் பக்கத்தில் மிகவும் குறைவு, இங்கே நடந்த போர் எங்கேயும் இல்லை. 2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பேசின காணொளியில் மூன்று ஆசைகளைச் சொன்னார், வேற்றுக்கோள் உயிர்களுக்கு ஓர் அத்தாட்சி, எண்ணெய்க்கு அடிமையாகாத உலகம், மூன்றாவதாக இலங்கையில் நிலையான சமாதானம். மூன்று மாதத்தில் போய்விட்டார். அந்த ஆசை மனசிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொந்தக் கண்ணுக்கு முன்னால் பூமியை இழந்துகொண்டிருந்த சனத்தைப் பற்றி அவர் ஒரு கதை எழுதியிருக்கலாம். நிலவில் வைத்து அவ்வளவு நன்றாக எழுதியவரிடம் இதை எதிர்பார்ப்பது தவறில்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு. ஆங்கிலம் கடினம் இல்லை, வசனங்கள் நேராகப் போகும், உயர்தரம் படிக்கிற பிள்ளை அகராதியோடு சமாளிக்கும். நாவல்கள் இதில் சேராது, சிறுகதைகளும் ஒன்றிரண்டு குறுநாவல்களும் மட்டும்தான், ஆகவே சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் வைத்து எழுதின விண்வெளி லிஃப்ற் கதையைத் தேடி இதை வாங்கி ஏமாறவேண்டாம், அது தனி நாவல். தொடங்குகிறவர்கள் முதலில் வால்வெள்ளி, பிறகு நாய், பிறகு மார்வின், அதற்குப் பிறகு நட்சத்திரம் என்று போங்கள். தனி ஆளுக்கு விலை கூடத்தான், ஆனால் ஊர் வாசிகசாலை ஒன்று வாங்கிப் போட்டால் பத்து வருசத்துக்குப் போதும். தமிழில் செய்ய நினைக்கிறவர்கள் முழுவதையும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை, நான் மேலே சொன்ன நாலு கதையையும் மட்டும் நூறு பக்கத்துக்குள் அடக்கி ஒரு சின்னப் புத்தகமாகக் கொண்டுவாருங்கள், வகுப்புக்கு நாற்பது பிரதி நான் முன்கூட்டியே காசு கட்டி வாங்குகிறேன்.